ஊன்றுகோலும் உதைபந்தும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு சமூகவியல் நோக்கு

உதைபந்தாட்டம் கல்முனைக் கரையோர மக்களின் வாழ்வோடு ஒன்றிய விளையாட்டு. பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நீளும் ஊர்களில், அஸர் தொழுகை முடிந்த மாலைப் பொழுதுகளில் பந்தைச் சுற்றி இளைஞர் கூடும் காட்சி சாதாரணமானது. ஆயின் அம்மைதானத்தின் ஓரத்தில் ஊன்றுகோலுடன் நின்று பார்ப்பவனுக்கு அவ்விளையாட்டில் இடம் உண்டா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. உடற்குறை உடையோர் பிரதேச அணியாகத் திரண்டு தேசிய மட்டப் போட்டிகளிற் பங்குபற்றுவதற்கு வேண்டிய சமூக நிலைமைகள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருத்துநிலையின் வரலாறு

உடற்குறை பற்றிய நமது சிந்தனை மரபு நீண்டது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எண்வகைக் குறைகளை அடுக்கிக் கூறி, அவற்றைப் பயனற்ற பிறப்புகளாக எண்ணுகின்றது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம் சற்று வேறுபட்ட குரலில் ஒலிக்கின்றது. பொறியின்மை பழியன்று, முயற்சியின்மையே பழி என்பது அதன் கருத்து. முன்னதிலும் இது மனிதாபிமானம் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தடையைத் தாண்டும் பொறுப்பு முழுவதையும் தனிமனிதன் தோளிலேயே இது சுமத்துகின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. இன்றைய பத்திரிகைகள் விரும்பி எழுதும் 'தன்னம்பிக்கை'க் கதைகளும் இவ்வழிப்பட்டனவே. ஒருவன் வென்ற கதை கூறப்படும். ஏனையோருக்கு மைதானம் ஏன் மூடப்பட்டிருந்தது என்பது கூறப்படாது.

'முடவன்', 'அங்கவீனர்' என்ற சொற்கள் நீங்கி 'மாற்றுத்திறனாளி', 'விசேட தேவையுடையோர்' என்பன வழக்கில் வந்துள்ளமை வரவேற்கத்தக்கதே. எனினும், சொல் மாறிய அளவுக்குப் பொருளியல் உறவுகள் மாறவில்லை. உடல் உழைப்பையன்றி விற்பதற்கு வேறெதுவும் இல்லாதவனுக்கு உறுப்பிழப்பு என்பது கூலியிழப்பு. கரைவலை இழுப்பவன் மணலிற் காலூன்றியே இழுத்தல் வேண்டும். மருதமுனையின் தறியில் மிதியை இயக்குவதற்குக் கால்கள் வேண்டும். வயலும் அவ்வாறே. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் பற்றிய நூலில், மான்செஸ்டர் ஆலைகள் உடலைச் சிதைத்து வெளியே தள்ளிய மனிதரைப் பதிவு செய்தார். உடற்குறையைத் தனிமனித விதியாகவன்றி உற்பத்தி முறையின் விளைவாகவும் காணும் பார்வை அங்கிருந்து நமக்குக் கிடைக்கின்றது.

2. விளையாட்டின் வடிவங்கள்

உடற்குறை உடையோரின் உதைபந்தாட்டம் ஒன்றன்று, பல. காலத்தால் முந்தியது செவிப்புலனற்றோர் ஆட்டம். 1924இல் பாரிஸில் நடைபெற்ற முதலாவது சர்வதேச மௌன விளையாட்டுகளிலேயே அது இடம்பெற்றது. விதிகள் பெரிதும் பொதுவானவை. நடுவர் ஊதலுடன் கொடியையும் பயன்படுத்துவார்.

பார்வையற்றோர் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐவர். பந்தினுள்ளே ஒலியெழுப்பும் பொருள் உண்டு. களத்தின் நீள்பக்கங்களிற் பலகைகள் நிறுத்தப்பட்டிருக்கும். கோல் காப்பாளர் பார்வையுள்ளவராக இருக்கலாம். ஏனைய நால்வரும், பார்வையின் அளவு எதுவாயினும், கண்களை மூடிக்கட்டுவர். எதிரணியின் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி குரலால் திசை கூறுவார். பந்தின் ஒலி கேட்கவேண்டுமாதலாற் பார்வையாளர் மௌனம் காத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டின் ஏதென்ஸ் பராலிம்பிக் முதல் இது அவ்விழாவில் இடம்பெற்று வருகின்றது.

மூளைசார் வாதமுற்றோர் ஆட்டத்தில் பக்கத்துக்கு எழுவர். இது 1984 முதல் 2016 வரை பராலிம்பிக்கில் இருந்து, பின்னர் நீக்கப்பட்டது. இதன் விதியொன்று நமது கவனத்துக்குரியது. இயக்கக் குறை மிகுந்த வகையைச் சேர்ந்த ஒருவரேனும் எந்நேரமும் களத்தில் இருத்தல் வேண்டும். குறை மிகக் குறைந்த வகையினர் ஒருவருக்கு மேல் இருத்தலாகாது. வெற்றியின் பெயரால் நலிந்தவரை வெளியே இருத்தும் வழி இங்கு விதியாலேயே அடைக்கப்பட்டுள்ளது.

உறுப்பிழந்தோர் ஆட்டம் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொன் பெனற் என்பவரால் உருவானது. களத்தில் ஆறு பேர் ஒற்றைக்காலர். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோல்களுடன் ஆடுவர். கோல் காப்பாளர் ஒரு கையை இழந்தவர். ஊன்றுகோலால் வேண்டுமென்றே பந்தைத் தொடுதல் தவறு. இவ்வாட்டம் வேரூன்றிய நாடுகள் சிலவற்றை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். சியராலியோனில் 1991 முதல் 2002 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிற் கைகால் வெட்டப்பட்ட பொதுமக்கள் அகதி முகாமிலிருந்தே அணியாகத் திரண்டனர். கண்ணிவெடிகள் மலிந்த அங்கோலா 2018இல் மெக்சிக்கோவில் உலகக் கிண்ணத்தை வென்றது. யுத்தம் முடமாக்கிய மக்களே அங்கு ஆட்டக்காரர்.

3. இலங்கை நிலைமை

இலங்கையும் யுத்தம் கண்ட நாடே. ஆயின் இங்கு நிகழ்ந்தது வேறு. 2012இல் லண்டனில் பிரதீப் சஞ்ஜய 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்று நாட்டின் முதலாவது பராலிம்பிக் பதக்கத்தை ஈட்டினார். ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் 2016இல் ரியோவில் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ விழாவில் உலக சாதனையுடன் தங்கமும் வென்றார். துலான் கொடிதுவக்கு டோக்கியோவில் வெண்கலமும் 2024இல் பாரிஸில் வெள்ளியும் பெற்றார். இம்மூவரும் இராணுவத்தைச் சேர்ந்தோர். அவர்தம் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. மருத்துவம், பயிற்சி, சம்பளம், உணவு ஆகியவற்றை ஒருங்கே வழங்கும் நிறுவனம் ஒன்று பின்னிருந்தால் மனிதன் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அவர்கள் சான்று. கேட்கவேண்டிய வினா வேறு: அதே யுத்தத்திற் காலிழந்த மீனவனுக்கும் கமக்காரனுக்கும் பின்னிருந்த நிறுவனம் எது?

மேற்கூறியவை அனைத்தும் தனிநபர் போட்டிகள் என்பதும் நோக்கத்தக்கது. பராலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இலங்கை அணி பங்குபற்றியதில்லை. தனிவீரனை ஒரு முகாம் உருவாக்கலாம். அணியை ஒரு சமூகமே உருவாக்க முடியும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனுமொரு செயற்பாட்டுக் குறையுடையோர். அவருள் அரைப்பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்தம் உரிமைகளை ஏற்கின்றது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை விளையாட்டிற் பங்குபற்றுவதையும் உரிமையாகவே கூறுகின்றது. சட்டத்தில் உள்ளது மைதானத்துக்கு வரவில்லை.

4. கரையோரத்தின் தேவைகள்

இக்கரையோரம் யுத்தத்தோடு 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளையும் கண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று நெடுஞ்சாலை விபத்துகளும், நீரிழிவினாற் காலகற்றப்படுதலும் உடற்குறைக்குப் புதிய காரணங்களாகச் சேர்ந்துள்ளன. ஸக்காத்தும் சதக்காவும் இவர்களிற் பலரைப் பசியிலிருந்து காக்கின்றன. அது சிறிய செயலன்று. ஆயின் தருமம் வாங்குவோனாக மட்டுமே அறியப்பட்டவன் அணியின் உறுப்பினனாக அறியப்படும்போது ஊரோடு அவனுக்குள்ள உறவே மாறுகின்றது. விளையாட்டு பொழுதுபோக்கினும் மேலானதாவது இவ்விடத்திலேயே.

நடைமுறைத் தேவைகள் எளியன. கடற்கரை மணலில் ஊன்றுகோல் புதையும். ஆகவே இறுகிய தரை வேண்டும். பார்வையற்றோர் ஆட்டத்தைக் கடலலையின் இரைச்சலுக்கு அருகே நடத்த இயலாது. ஊருக்குள்ளே, பாடசாலை முற்றம் போன்ற அடைப்புள்ள இடம் பொருந்தும். அத்தகைய அடைப்புள்ள களம் பெண்களின் பயிற்சிக்கும் உதவும். பார்வையற்ற பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 2023இல் பர்மிங்ஹாமில் நடைபெற்றதை இங்கு நினைவிற் கொள்ளலாம். கல்முனை சந்தாங்கேணி போன்ற பொது மைதானங்களில் வாரத்துக்கு ஒரு மாலையேனும் இவர்களுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். இருக்கும் கழகங்கள் தத்தம் பெயரிலேயே இப்பிரிவைத் தொடங்குதல் தனிக்கழகம் அமைத்தலினும் நன்று. தனியாக அமைப்பது மீண்டும் ஒதுக்கி வைத்தலாக முடியலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆட்தொகைச் சிக்கல். ஒற்றைக்காலர் அறுவரையும் ஒற்றைக்கையர் ஒருவரையும், மேலதிக வீரரையும் ஒரே ஊரிற் காணுதல் அரிது. இங்கோ சில மைல் தூரத்துக்குள் எல்லைத் தகராறுகள் பல. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை வழங்கும் வர்த்தமானி அறிவித்தல் 2020 பெப்ரவரியில் வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. அக்கோரிக்கைகளின் நியாயங்களைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஆயின் பாண்டிருப்புத் தமிழனும் மருதமுனை முஸ்லிமும், காரைதீவாரும் சாய்ந்தமருதாரும் ஒரே சீருடை அணிந்தாலன்றி இவ்வணி எண்ணிக்கையிற்கூட நிறைவுறாது. ஒற்றுமை இங்கு அறவுரையன்று, கணக்கு.

முடிவாக, பிரதேச அணியொன்று தேசியப் போட்டிக்குச் செல்வது பதக்கம் பெறுவதற்காக மட்டுமன்று. செல்லும்போது அது பஸ் கட்டணம், தங்குமிடம், தாய்மொழியில் மருத்துவ வகைப்படுத்தல் ஆகிய கோரிக்கைகளையும் உடன் கொண்டு செல்கின்றது. கோரிக்கையுடன் கூடியவர் பயனாளிகள் என்ற நிலையிலிருந்து குடிமக்கள் என்ற நிலைக்கு உயர்கின்றனர். அப்பணியைத் தொடங்கவேண்டியது ஊர்க்கழகங்களும், பாடசாலைகளும், ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவருமே.