பழைய படகு வாங்கலையோ, படகு!

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். ஐந்து பேரேரிகளில் நான்கு அதன் கரையைத் தொடுகின்றன. உள்நாட்டிலோ சின்னதும் பெரியதுமாக 11,000 ஏரிகளுக்கு மேல். நம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்பது போல, அங்கே பல வீடுகளின் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய மோட்டார் படகு ஒன்று டிரெயிலரின் மேல் நிற்கும். புதுப் படகென்றால் யானை விலை, குதிரை விலை! ஆகவே வசந்தம் பிறந்ததும் பழைய படகு தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

நாம் மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். படகுக்குச் சுழி எங்கே? பளபளக்கும் சாயத்திலும் மெத்தை ஆசனத்திலும் மயங்காதவர்கள்கூட, நேரே எஞ்சினிடம் போய் நின்றுவிடுகிறார்கள். எஞ்சின் கெட்டால் மாற்றிவிடலாம். உடம்பே உளுத்துப் போயிருந்தால்?

பைபர்கிளாஸ் எப்படி ஐயா உளுக்கும் என்று கேட்பீர்கள். வெளியே தெரிவதுதான் பைபர்கிளாஸ். பழைய படகுகள் பலவற்றில் பின்பலகைக்குள்ளும், தரைக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களுக்குள்ளும் இருப்பது மரம். ஏணி மாட்டுவதற்காக யாரோ எப்போதோ போட்ட திருகாணித் துவாரம் போதும். அதன் வழியே தண்ணீர் கசிந்து, வருஷக் கணக்கில் சத்தமில்லாமல் மரத்தைத் தின்றுவிடும். எஞ்சின் தள்ளுகிற விசையைத் தாங்குவதோ அந்தப் பின்பலகைதான்! விஷயம் தெரிந்தவர் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலோடு வருகிறார். அங்குலம் அங்குலமாகத் தட்டுகிறார். ‘டக், டக்’ என்றால் சரி. ‘பொத், பொத்’ என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுகிறார். அதைப் பழுது பார்க்கும் செலவு படகின் விலையையே விழுங்கிவிடக் கூடும்.

பிறகு எஞ்சின். கிளப்புமுன் அதன்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே விற்பவர் ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின்தான் தன் குணத்தைக் காட்டும். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினால், எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது. குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலுள்ள தண்ணீரை வடிக்க மறந்தால், அது பனிக்கட்டியாகி விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். மிச்சிகன் குளிர் அப்படி.

எஞ்சின் படகுக்குள்ளேயே இருந்தால், இது உயிர் விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் ஒழுகினால் அடியில் இறங்கித் தெருவோடு போகும். படகில் போக வழியேது? அடித்தட்டிலேயே தங்கும், ஒரு பொறி போதும். அதனால்தான் கிளப்புமுன் 4 நிமிஷம் ஊதுவிசிறியை ஓட்டும்படி எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த விசிறி ஓடுகிறதா? பெட்ரோல் குழாயில் வெடிப்பு உண்டா? மலிவாகக் கிடைத்ததென்று யாராவது கார் ஸ்டார்ட்டரை மாட்டியிருக்கிறார்களா? படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டர், வெளியே உள்ள ஆவியைப் பொறி பற்றவைக்காதபடி அமைந்தது. கார் ஸ்டார்ட்டர் அப்படியல்ல. குழந்தைகள் ஏறப் போகிற படகு. இதில் மட்டும் தாட்சண்யமே கூடாது.

வெள்ளோட்டத்தில் ஒருவர் மட்டும் ஏறினால் எந்தப் படகும் சிட்டாய்ப் பறக்கும். குடும்பத்தின் எடைக்குச் சமமான பாரத்தோடு ஓட்டிப் பார்ப்பதுதான் பரீட்சை. 20 அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று தகடு பொறித்திருக்கும். பின்பலகையின் வலப்புறம் 12 எழுத்தும் இலக்கமுமாக ஓர் அடையாள எண் உண்டு. 1972 நவம்பர் முதல் கட்டிய படகுகளுக்கெல்லாம் அது கட்டாயம். பத்திரத்திலுள்ள எண்ணோடு அது ஒத்துப் போகாவிட்டால், திருட்டுப் படகாகவும் இருக்கலாம்.

பரிசோதனைக்குத் தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். விற்பவர் சிபாரிசு செய்கிற நிபுணரை மட்டும் அமர்த்த வேண்டாம்!

டிரெயிலரை மறந்துவிடப் போகிறீர்கள். சில மைல் இழுத்துப் போய் நிறுத்தி, சக்கரத்தின் குடத்தருகே கையைக் கொண்டு போங்கள். அனல் அடித்தால் பேரிங் போய்விட்டது. ஏரிக்குப் போகும் வழியிலேயே படகு தரை தட்டிவிடும்.