செம்மண் பாதைக்கும் வேண்டும், உட்லண்ட்ஸ் சாலைக்கும் வேண்டும்!

"பழைய ஜீப் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கி, நம் இஷ்டப்படி கட்டிக்கொண்டால் குடும்பத்துக்கு ஆகாதா, சார்?"

தோட்டப்புறங்களில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்களின் ஆசையில் தவறில்லை. ஜொகூரில் செம்பனைக்கு நடுவே குடியிருக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து தார் ரோடு வரை மூன்று நான்கு கட்டை செம்மண் பாதை. மழை பெய்தால் டிராக்டர் உழுத தடத்தில் சாதாரண கார் வயிறு தட்டி நின்றுவிடும். அதே குடும்பம் தீபாவளிக்கு ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கும் போக வேண்டும். சேற்றுக்கும் சிங்கப்பூர் சாலைக்கும் ஒரே வண்டி! இது நடக்குமா? நடக்கும். ஆனால் பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு சில உண்டு.

உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்த இரு வண்டிகள்

1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பினார்கள். ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா எல்லாம் கடந்து 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தைத் தவிர அந்நாளில் தரைவழியே சிங்கப்பூருக்குள் நுழைய வேறு பாதை கிடையாது. ஆகவே உட்லண்ட்ஸ் மண்ணில்தான் அந்தச் சக்கரங்கள் கரையேறின.

அவற்றில் 'ஆக்ஸ்ஃபோர்டு' என்ற வண்டி பல காலம் செயின்ட் ஹெலினா தீவில் கிடந்து, பின்னர் மீட்டுச் செப்பனிடப்பட்டது. 2019 ஆகஸ்ட் 25இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 14இல் லண்டன் போய்ச் சேர்ந்தது. அறுபது வயதைத் தாண்டிய வண்டி!

இதைப் படித்ததும், "அப்படியானால் பழைய லேண்ட் ரோவரே நமக்கும் போதுமே" என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். அந்த இளைஞர்கள் ஆறு மாதப் பயணத்துக்காக வண்டியைத் தயார் செய்தார்கள். நாமோ தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, பசாருக்குப் போய், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வண்டி தேடுகிறோம். இரண்டும் வேறு வேறு வேலை.

உழவு வண்டி குடும்ப வண்டியான கதை

லேண்ட் ரோவரைச் செய்தவர்களுக்கே இந்தப் பாடம் புரியச் சில காலம் பிடித்தது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வந்தபோது அது பண்ணைக்காரர்களின் வண்டி. போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதே ஆண்டு மரச்சட்டம் போட்ட உடலோடு குடும்பங்களுக்கென ஒரு வகையும் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் அதற்குக் கார் வரி விழுந்தது. விலை ஏறியது, விற்பனை படுத்தது.

பிறகு 1970இல்தான் ரேஞ்ச் ரோவர் வந்தது. தகட்டு ஸ்பிரிங்கிற்குப் பதில் சுருள் ஸ்பிரிங், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, சாலையில் கார் போன்ற ஓட்டம். அதற்கும் 1981இல்தான் நான்கு கதவு அமைந்தது. நம் பக்கத்தில் 1998இல் வந்த பெரொடுவா கெம்பாரா, சிறு குடும்பத்துக்கு ஏற்ற நான்கு சக்கர இழுவை வண்டியாக விளங்கியது. ஆக, காட்டு வண்டியைக் குடும்ப வண்டியாக்குவது நாற்காலி மெத்தை மாற்றும் வேலையல்ல. ஸ்பிரிங், பிரேக், இருக்கை எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டிய வேலை.

உயரம் எவ்வளவு?

பட்டறைக்காரர் முதலில் சொல்வது, "கொஞ்சம் தூக்கிவிடலாம்." எவ்வளவு தூக்கலாம்? இதோ ஒரு பள்ளிக்கூடக் கணக்கு.

ஒரு வண்டியின் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையே 140 செண்டிமீட்டர் என்று வைப்போம். அதில் பாதி 70. வண்டியின் எடையெல்லாம் திரண்டு நிற்பதாகக் கருதும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். அது தரையிலிருந்து 70 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 70ஐ 70ஆல் வகுக்க 1 வரும். உடலைத் தூக்கியதால் அந்தப் புள்ளி 80க்குப் போனால், விடை 0.875 ஆகக் குறையும். இன்னும் பாருங்கள்: 1,700 கிலோ எடையுள்ள அந்த வண்டியின் கூரைமேல், 190 செண்டிமீட்டர் உயரத்தில், 100 கிலோ மூட்டை ஏற்றினால் ஈர்ப்பு மையம் 86க்கு ஏறும். விடை ஏறத்தாழ 0.81. இந்த எண் குறையக் குறைய, வளைவிலோ திடீரென்று ஒதுங்கும்போதோ வண்டி குப்புறக் கவிழும் அபாயம் கூடும்.

இடுப்பில் குடம் வைத்து நடப்பவளும், தலையில் இரண்டு குடம் அடுக்கி நடப்பவளும் ஒரே வேகத்தில் திரும்ப முடியுமா? அதேதான். ஆகையால் தோட்டத்துப் பாதையில் எந்த இடத்தில் வண்டி தட்டுகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். அதற்கு வேண்டிய அளவு மட்டும் தூக்கினால் போதும். கூரைமேல் மூட்டை ஏற்றும் வழக்கத்தை விடுங்கள்.

டயரில் ஏமாறாதீர்கள்

சேற்று டயர் பார்வைக்கு முரட்டழகாக இருக்கும். சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நனைந்த தார் ரோட்டில் பிடிப்புக் குறைவு, இரைச்சல் அதிகம். தினமும் பெரும்பகுதி தார் ரோட்டில் ஓடும் குடும்பத்துக்கு, இரண்டு வகைப் பாதைக்கும் பொதுவான டயரே ஏற்றது.

அளவையும் கவனியுங்கள். 70 செண்டிமீட்டர் விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 77 செண்டிமீட்டர் டயர் போட்டால், மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 110இல் ஓடும்! பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் அதிக வேலை. டயரை மாற்றி பிரேக்கை மறப்பது, குதிரையைப் பெரிதாக்கிவிட்டு கடிவாளத்தை நூலில் கட்டுவதற்குச் சமம்.

நான்கு சக்கர இழுவை செய்வதும் செய்யாததும்

பழைய ஜீப் வகைகள் பலவற்றில், லீவரைப் போட்டால்தான் முன்சக்கரங்களுக்கும் இழுவை போகும். அதைச் சேற்றிலும் மணலிலும்தான் போட வேண்டும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீண்ட தூரம் சுற்றுகிறது. சேறாக இருந்தால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் கியர்களும் அச்சும் முறுக்கிக்கொள்ளும். வண்டி திரும்ப அடம்பிடிக்கும், பாகங்கள் தேயும். நாள்தோறும் இருவகைப் பாதையிலும் போகிறவர்கள், நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியைத் தேடுவது நல்லது.

இன்னொன்று: நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும்; நிறுத்த உதவாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த பெருவெள்ளத்தைக் கண்டவர்கள் உயரமான வண்டியை விரும்புவது இயல்பே. ஆனால் கூரை வரை போகும் காற்றுக் குழாய் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காக்குமே தவிர, வண்டி மிதப்பதைத் தடுக்காது. ஓடும் வெள்ளம் பாதையை மூடியிருந்தால் எந்த வண்டியானாலும் திரும்பிவிடுவதே புத்தி.

பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்?

என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான். பழைய வண்டிகளின் பின்புறத்தில் பக்கவாட்டுப் பலகை இருக்கை இருக்கும். பெல்ட் கிடையாது. ஆறு பிள்ளைகளை அடைத்துவிடலாம் என்று சிலர் மகிழ்கிறார்கள். திடீர் பிரேக்கில் அந்தப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் எறியப்படுவார்கள். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை நெரித்து ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் புரியும்.

மலேசியாவில் 2009 முதல் பின்னிருக்கையிலும் பெல்ட் கட்டாயம். 2020 முதல் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கையும் கட்டாயம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கை வேண்டும். ஆகவே முன்னோக்கிய இருக்கை, மூன்று முனை பெல்ட், அதைத் தாங்கும் உறுதியான சட்டம் - திட்டத்தின் முதல் வரி இதுவாகவே இருக்கட்டும்.

சட்டம் கேட்கும் கேள்வி

மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையில் விசாரித்து, வேண்டிய அனுமதி பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்து நேரத்தில் கைவிரிக்க இடமுண்டு. இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றே தீர்ப்பளித்தது.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடக்கும் மலேசிய வண்டிக்கு சாலை வரி, காப்புறுதி, நுழைவு அனுமதி எல்லாம் செல்லுபடியாக இருக்க வேண்டும். உட்லண்ட்ஸில் வாழும் நம் சொந்தங்களுக்கோ இந்த ஆசையே வேண்டாம் என்பேன். 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையால் அங்கே வண்டி வைத்திருப்பதே பெருஞ்செலவு. வாசலில் ரயிலும் பேருந்தும் இருக்கச் சேற்று வண்டி எதற்கு?

செலவு வரிசை

கையிருப்புப் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் துருப்பிடிக்காத சட்டமும் நல்ல பிரேக்கும், அடுத்து இருக்கையும் பெல்ட்டும், மூன்றாவது டயர், நான்காவது ஸ்பிரிங், ஐந்தாவது, சேற்றில் சிக்கினால் இழுக்க உறுதியான கொக்கியும் கயிறும். பளபளக்கும் விளக்கும் முன்கம்பியும் பணம் மிஞ்சினால் பார்க்கலாம், மிஞ்சாவிட்டால் நஷ்டமில்லை.

ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: இன்று எத்தனை கிலோமீட்டர் தார் ரோடு, எத்தனை சேறு, எத்தனை பேர் ஏறினோம், என்ன சுமை. அந்த நோட்டைக் கொண்டுபோய்ப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். நோட்டில் சேற்று நாள் இரண்டோ மூன்றோதான் இருந்தால், தரை இடைவெளி சற்று அதிகமுள்ள சாதாரண காரும் ஒரு ஜோடி நல்ல டயருமே உங்களுக்குப் போதும். மீந்த பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகட்டும்.