கொஞ்சம் நொதி கிடைத்தாலே போதும்!

கொம்தாரிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் பேருந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வழியில் பாயான் லெப்பாஸில் யாரோ ‘இதுவே கடைசி நிறுத்தம்’ என்று தவறான பலகையை நட்டுவிடுகிறார். எல்லா வண்டிகளும் அங்கேயே பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. பாலிக் புலாவுக்கு ஒரு வண்டியும் வந்து சேரவில்லை.

உயிர்ச் செல்லுக்குள்ளும் இப்படி நடப்பதுண்டு. மரபணுவில் உள்ள குறிப்பைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் செல் புரதம் செய்கிறது. குறிப்பின் முடிவில் ‘நிறுத்து’ என்னும் குறியீடு இருக்கும். படிவம் 5 மாணவர்கள் ‘முத்தாசி’ என்று படிக்கும் மரபணு மாற்றத்தால், அந்தக் குறியீடு சில சமயம் நடுவிலேயே முளைத்துவிடும். அப்போது புரதம் பாதியில் நின்றுவிடும். அந்தப் புரதம் ஒரு நொதி என்றால், அதன் வேலையும் நின்றுபோகும்.

நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியாவிடம் ‘அல்கலைன் பாஸ்படேஸ்’ என்னும் நொதி உண்டு. வேறு சேர்மங்களோடு பிணைந்து கிடக்கும் பாஸ்பேட்டை வெட்டி எடுத்து உணவாக்கிக் கொடுப்பது அதன் வேலை. இந்த நொதியை இழந்த பாக்டீரியாவுக்குப் பிணைந்த பாஸ்பேட்டை மட்டும் கொடுத்தால், உணவு முன்னால் இருந்தும் அது வளராது. நொதியை மீண்டும் பெற்ற பாக்டீரியா மட்டுமே அங்கே பெருகும். ஆகவே, ஆய்வுத் தட்டில் ஒரு புள்ளி தோன்றினால், இழந்த திறன் திரும்பிவிட்டது என்று கண்ணாலேயே அறியலாம்.

இந்த நொதியை வைத்து 1962இல் முக்கியமான ஆய்வொன்றை வெளியிட்டவர்கள் அமெரிக்கரான ஆலன் கேரனும் இந்தியரான ஓபைத் சித்திக்கியும். பழுதடைந்த மரபணு அப்படியே இருக்க, வேறோர் இடத்தில் உள்ள மரபணுவின் தயவால் நொதி மீண்டும் உருவாவதை அவர்கள் காட்டினார்கள். சித்திக்கி அதே ஆண்டில் ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார்.

பலகை நின்றபடியே இருக்க, வண்டி எப்படிப் போய்ச் சேர்ந்தது? விடை பின்னர் தெரிந்தது. அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளில் ஒன்று மாறிப்போய், ‘நிறுத்து’ என்பதை ‘இங்கே ஓர் அமினோ அமிலத்தைச் சேர்’ என்று படித்துவிடுகிறது. பலகையைப் பொருட்படுத்தாத சில ஓட்டுநர்களைப் போல! எல்லா வண்டிகளும் போய்ச் சேர்வதில்லை. முழு அளவில் நொதி கிடைப்பதும் இல்லை. ஆனாலும் கிடைத்த பங்கைக் கொண்டே பாக்டீரியா வளர்ந்துவிடுகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. உண்மையான நிறுத்தத்தையும் மதிக்காமல் வண்டிகள் ஓடினால் என்ன ஆகும்? மற்றப் புரதங்களும் தேவைக்கு மேல் நீண்டு, செல்லின் வளர்ச்சியே தடுமாறலாம்.

பாக்டீரியாவின் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? மனிதரின் மரபணு நோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இப்படித் தவறான இடத்தில் முளைத்த ‘நிறுத்து’ குறியீட்டால் வருகிறது. இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா ‘பி’ நோயாளிகள் சிலருக்கும் இதுவே காரணம். உறைதலுக்கு உதவும் 9ஆம் காரணி வழக்கமான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால், அடிபடாமலேயே மூட்டுகளில் இரத்தம் கசியும். 5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் நோய் மிதமாகிறது. பெரும்பாலும் காயம் பட்டாலோ அறுவை சிகிச்சை செய்தாலோதான் தொல்லை.

ஆகவே, மருந்து தேடுவோர் நூறு விழுக்காட்டுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள், மனிதச் செல்களிலும் தவறான ‘நிறுத்து’ குறியீட்டைத் தாண்ட வைப்பது ஆய்வகத்தில் தெரியவந்துள்ளது. ஆனால், அது அளவு மீறினால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். தவறான பலகையை மட்டும் தாண்டி, சரியான நிறுத்தத்தில் நிற்க வைக்கும் மருந்துக்கான தேடல் இன்றும் தொடர்கிறது.