கடைத்தெருவும் இருப்புப்பாதையும்: நாட்றம்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒளிப்பட நோக்கு

அமெரிக்க மேற்கின் இருப்புப்பாதை நகரங்களைக் காட்டும் தொடக்ககால ஒளிப்படங்களில் கடைத்தெருவுக்குத் தனி இடம் உண்டு. ஆண்ட்ரு ரசல் 1868–69இல் யூனியன் பசிபிக் பாதை நெடுகிலும் படமெடுத்தார்; 1869இல் தோன்றிய கொரின் நகரமும் அவற்றுள் அடங்கும். அதே காலகட்டத்தில் இருப்புப்பாதை கண்ட நாட்றம்பள்ளி வட்டாரத்தின் நிலை வேறு.

நாட்றம்பள்ளி அடங்கிய திருப்பத்தூர் வட்டம் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இராயபுரம்–வாலாஜா பாதை 1856இல் திறக்கப்பட்டது. 1861இல் அது சேலத்தை எட்டியது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை 1864இல் அமைந்தது. இதற்கிடையே 1858இல் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தொகுப்பை வெளியிட்டார். அவரது நாட்டம் கோட்டைகள், கோயில்கள் மீதே நின்றது; கடைத்தெரு அவருக்குப் பொருளாகவில்லை.

இதனைக் கலைஞரின் சுவை எனக் கொள்வது போதாது. யூனியன் பசிபிக் நிறுவனம் அரசு வழங்கிய நிலத்தை விற்றாக வேண்டியிருந்தது. ஊர் வளர்கிறது எனக் காட்டும் படம் அதற்கு விளம்பரம். ரசலின் தொகுப்பும் அந்நிறுவனத்தின் ஆதரவில் வெளிவந்ததே. சென்னை இரயில்வேக்கோ முதலீட்டின்மீது வட்டியை அரசே உறுதிசெய்திருந்தது. பாதைக்கு வேண்டிய நிலம் மட்டுமே கிடைத்தது. விற்பதற்கு ஊர் இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்னைத் துறைமுகம் சென்ற வணிகம் பெரிதாயினும், படம்பிடித்துப் பரப்பும் தேவை எவருக்கும் எழவில்லை.

கிடைக்கும் பழைய தெருப்படங்களைச் சான்றாகக் கொள்வோர் கருதவேண்டியது இன்னொன்றும் உண்டு. டிரைப் கையாண்ட மெழுகுத்தாள் முறைக்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். ரசலின் ஈரக்கண்ணாடி முறைக்குச் சில நொடிகள் போதுமாயினும், நகரும் வண்டி அதிலும் கலங்கலாகவே பதியும். எனவே ஆளற்ற தெரு, வணிகமற்ற தெரு ஆகாது. சுமை தூக்குவோரும் தோல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகளுமே முதலில் மறைவர். திண்ணையில் அமர்ந்த கடைக்காரர் நிலைப்பார். பாரிசின் சந்தடி மிக்க சாலையைத் தாகேர் 1838இல் படமெடுத்தபோதும் இவ்வாறே நேர்ந்தது. காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு நின்றவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். குனிந்து மெருகேற்றியவர் மங்கலாகவே தெரிகிறார்.