பஸ் என் மேல் பாயுது, டாக்டர்!

ரோட்டைக் கடக்க பிளாட்பாரத்தின் ஓரமாக நின்றிருந்தேன். வலது பக்கமிருந்து வந்த டவுன் பஸ் நேராகப் போகாமல், வளைந்து, என் கால் கட்டை விரலைக் குறி வைத்து வந்தது. சடாரென்று பின்னால் குதித்தேன். பின்னாடி நின்ற இளநீர்க்காரர், "என்ன சார், பட்டப்பகல்லயேவா?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் குடித்தது ஃபில்டர் காபி மட்டும்தான்.

பஸ் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. வளைந்தது என் மண்டைக்குள்.

இரண்டு மாதம் முன்பு இடது கண்ணில் வலி, மங்கல். சிவப்புச் சட்டை, வெளுத்த செங்கல் மாதிரி தெரிந்தது. கண் நரம்பில் வீக்கம் என்று மருந்து கொடுத்தார்கள். பார்வை திரும்பி, போர்டில் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தேன். 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாயங்காலம் ஷட்டில் ஆடினால் பேட் காற்றைத்தான் அடித்தது. "வயசாச்சு பாஸ்" என்றார் பக்கத்து ஸீட் நண்பர். எனக்கு 32. "ரோட்டைப் பாத்து நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்றாள் மனைவி. மனப்பிரமை என்று நானே பாதி நம்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் தற்செயலாக இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பஸ் சமர்த்தாக நேரே போனது. வலதை மூடினேன். அப்போதும் நேர்தான். இரண்டையும் திறந்தால் மட்டும் வளைவு!

வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. நூலில் ஒரு சாவியைக் கட்டி, என் எதிரே இடவலமாக ஆட்டினார்.

"எப்படிப் போகுது?"

"முட்டை வடிவமா சுத்துது டாக்டர்."

"நான் நேராத்தான் ஆட்டறேன்."

நீங்களும் பார்க்கலாம். நண்பரை ஆறடி தள்ளி நிற்க வைத்து சாவியை ஆட்டச் சொல்லுங்கள். கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை மட்டும் இடது கண்ணுக்கு முன் பிடித்து, இரண்டு கண்ணாலும் பாருங்கள். சாவி சுற்றும். (ரோட்டில் நின்று பண்ண வேண்டாம்.)

விஷயம் இதுதான். வெளிச்சம் குறைந்தால் அந்தக் கண்ணின் சேதி மூளைக்குச் சில மில்லி செகண்டு லேட்டாகப் போகிறது. அதற்குள் சாவி நகர்ந்துவிடுகிறது. வலது கண் 'இங்கே' என்கிறது; இடது கண், சற்று முன் இருந்த இடத்தைக் காட்டி 'அங்கே' என்கிறது. இரண்டு கண்ணிலும் பிம்பம் விலகியிருந்தால் நம் மூளைக்கு ஒரே அர்த்தம்தான்: தூர வித்தியாசம். தாமதத்தை தூரமாக மாற்றிக் கணக்கெழுதிவிடுகிறது! இடது கண் தாமதமானால், வலமிருந்து இடமாகப் போவது கிட்டே வரும். எதிர்த்திசையில் போவது விலகும்.

1922-ல் இதை விளக்கியவர் கார்ல் புல்ஃப்ரிஷ். ஜெர்மனியில் யேனா நகர ஸைஸ் கம்பெனி விஞ்ஞானி. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தன் பெயர் தாங்கிய அதிசயத்தை மனிதர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை!

ஒற்றைக் கண்ணுக்கு ஓட்டம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வரும் பந்து எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதே போதுமான தகவல். பட்டோடி 1961-ல் கார் விபத்தில் வலது கண் பார்வையைப் பெரும்பாலும் இழந்த பிறகுதான் டெஸ்ட் ஆடவே வந்தார். 1964-ல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 203 நாட் அவுட்.

என் கதைக்கு வருகிறேன். பின்மண்டையில் ஒயர் ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையைப் பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாக மூளையின் பதில் சுமார் 100 மில்லி செகண்டில் வரும். வலது கண் சரி. இடது கண் லேட். வீக்கம் வடிந்தாலும் நரம்பின் மேலுறை தேய்ந்தால் தாமதம் தங்கிவிடுமாம். எழுத்துப் போர்டு அசையாமல் நிற்பதால் அதில் இது மாட்டாது.

"இடது கண்ணை வேகமாக்க மருந்து இருக்கா?"

"வலது கண்ணை ஸ்லோ பண்ணிடலாம்" என்றார் டாக்டர், சாதாரணமாக.

மூக்குக் கண்ணாடியில் வலது பக்கத்துக்கு மட்டும் லேசான கறுப்புக் கண்ணாடி. போட்டுக்கொண்டு ரோட்டு ஓரம் போய் நின்றேன். பஸ் நேராகப் போனது. இன்னொன்று வந்தது. அதுவும் நேராகத்தான் போனது. எட்டு பஸ் வரை நின்று பார்த்தேன்.

"இன்னிக்கு ஸ்டெடியா இருக்கீங்களே சார்" என்று இளநீரை நீட்டினார் அவர்.