ஆய்வகத் தட்டில் அழியும் புற்றுநோய் செல்கள்: மூலிகை எண்ணெய் மருந்தாவது எப்போது?

கல்யாண்: மூலிகைச் சாறுகளும் எண்ணெய்களும் புற்றுநோய் செல்களை அழித்ததாக ஆய்வுச் செய்திகள் அவ்வப்போது வெளியாகின்றன. இவற்றை நம்பி, மருத்துவமனை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்வி நோயாளிகளின் குடும்பங்களில் எழுகிறது. ஆய்வகத்தில் நடப்பது என்ன என்பதை அறிந்தால், இதற்கான விடை தெளிவாகும்.

சோதனை எப்படி நடக்கிறது?

கட்டியிலிருந்து எடுத்துத் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள், சிறு குழிகள் கொண்ட தட்டில் இடப்பட்டு, வெவ்வேறு அளவுகளில் சாறு சேர்க்கப்படுகிறது. பின்னர் சேர்க்கப்படும் மஞ்சள் நிறச் சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதா நிறமாக மாற்றும். ஊதா நிறம் குறைந்தால், உயிருள்ள செல்கள் குறைந்துள்ளன என்று பொருள். ஆனால், அளவு கூடினால் சோப்புக் கரைசலும் இச்செல்களைக் கொல்லும். எனவே, ஆரோக்கியமான செல்கள் பிழைக்கின்றனவா என்பதையும் பார்ப்பது அவசியம்.

சென்னை ஐஐடி ஆய்வு

இந்திய மசாலாப் பொருட்களைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முறைக்கு, சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காப்புரிமை பெற்றுள்ளதாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மசாலா எண்ணெய்களை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. இதனால், அவற்றை மிக நுண்ணிய துளிகளாக மாற்றும் நானோ முறையை அவர்கள் பயன்படுத்தினர். நுரையீரல், மார்பகம், பெருங்குடல் உள்ளிட்ட புற்றுநோய் செல்களில் பலன் தெரிந்ததாகவும், இயல்பான செல்களுக்குப் பாதிப்பு இல்லை என்றும் கூறப்பட்டது. விலங்குச் சோதனைகளுக்குப் பின், மனிதர்களிடம் நடத்தப்படும் சோதனையே அடுத்த கட்டம் எனவும் தெரிவிக்கப்பட்டது.

நித்தியகல்யாணி காட்டும் வழி

இப்பாதையைக் கடந்து மருந்தான தாவரங்களும் உண்டு. நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் வழங்கப்படுகிறது. எனினும், அது தூய்மைப்படுத்தப்பட்டு, துல்லியமான அளவில் ரத்தநாளம் வழியே செலுத்தப்படுகிறது. செடியை அப்படியே உட்கொள்வது நஞ்சாகும்.

மருத்துவர்கள் எச்சரிக்கை

மஞ்சள், வேம்பு அடங்கிய உணவுமுறையால் புற்றுநோய் குணமானதாக 2024 நவம்பரில் ஒரு காணொளி பரவியது. இதையடுத்து, மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கூட்டறிக்கை வெளியிட்டனர். இப்பொருட்களில் சிலவற்றின் மீது ஆய்வுகள் நடந்துவந்தாலும், அவற்றைப் புற்றுநோய் மருந்தாகப் பரிந்துரைக்க மருத்துவச் சான்று இல்லை என்றும், நிரூபிக்கப்படாத முறைகளை நம்பி சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்றும் அதில் வலியுறுத்தினர்.

சில மூலிகைகள் கீமோதெரபி மருந்துகளின் செயல்பாட்டை மாற்றக்கூடும். ஆகவே, கசாயமோ எண்ணெயோ எடுத்துக்கொள்பவர்கள், அதனைத் தங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிப்பது அவசியம்.