உயிரற்றதிலிருந்து உயிர்



எம் பாடசாலையில் கலைப்பிரிவு மாணவி ஒருத்தி, “ஐயா, முதல் உயிர் எங்கிருந்து வந்தது?” என்று ஒருநாள் என்னை வினவினாள். “அது விஞ்ஞானப் பிரிவினர் படிப்பது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நானும் கலைப் பட்டதாரியே. அவ்விடை தவறென உணர்த்தியது, கண்டிக்கு அணித்தேயுள்ள ஹந்தானையில் பணிபுரிந்த ஒருவரின் வரலாறு.

ஹந்தானை வீதியில் அமைந்துள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கு 1980களில் பணிப்பாளராய் விளங்கியவர் பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும. 1923இல் காலியிற் பிறந்த அவர், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற முதற் பட்டம் தத்துவப் பட்டமாகும். பின்னரே இரசாயனவியல் பயின்று, 1962இல் கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தத்துவம் எழுப்பிய வினாவுக்கு அவர் சோதனைச்சாலையில் விடை தேடினார் எனலாம்.

உயிரிலிருந்தே உயிர் பிறக்கும் என்பது நாம் அறிந்தது. அவ்வாறாயின் முதல் உயிர்? உயிரற்ற எளிய பொருள்கள் படிப்படியாய்ச் சிக்கலான பொருள்களாகி உயிருக்கு வழிவகுத்தன என, 1924இல் ருஷ்ய அறிஞர் ஓப்பரினும், 1929இல் ஆங்கில அறிஞர் ஹால்டேனும் கருதினர். இதுவே இரசாயனக் கூர்ப்பு எனப்படும். 1953இல் அமெரிக்கரான ஸ்ரான்லி மில்லர், மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்னலுக்கு ஈடாக மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் அமினோ அமிலங்கள் தோன்றின. நம் உடலின் புரதங்கள் யாவும் அமினோ அமிலங்களால் ஆனவையே.

கலத்தில் நிகழ்ந்தது இயற்கையிலும் நிகழுமோ? 1969 செப்டெம்பர் 28ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கற்கள் வீழ்ந்தன. நாசா ஆய்வுகூடத்தில் பொன்னம்பெருமவும் அவர்தம் குழுவினரும் அவற்றை ஆராய்ந்து அமினோ அமிலங்களைக் கண்டனர். ஆனால் மனிதர் விரல் பட்டாலே அவ்வமிலங்கள் கல்லில் ஒட்டிக்கொள்ளுமே! ஐயத்தைத் தீர்த்தது அவற்றின் வடிவமாகும். பெரும்பாலான அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று எதிரான இரு வடிவங்களில் அமையும். உயிரினங்களின் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவமே. கல்லிலோ இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. புரதங்களில் இல்லாத வகைகளும் காணப்பட்டன. எனவே அவை விண்வெளியில், உயிரின் துணையின்றி, தாமே உருவானவை என 1970இல் அக்குழுவினர் அறிவித்தனர்.

செங்கல் கிடைத்தமையால் வீடு எழுந்துவிட்டது என்பதன்று. தன்னைத் தானே படியெடுக்கும் முதற்பொருள் எவ்வாறு அமைந்தது என்பது இன்றும் விடைகாணாத வினாவே. சோதனைச்சாலையில் உயிரற்ற எளிய பொருள்களிலிருந்து உயிரை ஆக்கியவர் எவருமிலர்.

அம்மாணவியை மீண்டும் அழைத்து, இத்துணையும் கூறினேன். அவள் கேட்டது அவளுக்கும் உரிய வினாவே. பாடசாலையில் பிரிவுகளை வகுத்தவர் நாம். வினாக்களுக்கு அப்பிரிவுகள் இல்லை.